ரோஸ்லின் வீட்டு வால்நட் மரம்

லயனல் தோர்ப் ஒரு மரத்தைப் பார்த்துவிட்டால் சும்மா கடந்து போகமாட்டார். நிற்பார். அண்ணாந்து பார்ப்பார். ஒரு சுற்று சுற்றி வருவார். பிறகு கோட்டுப் பையிலிருந்து நைலான் சுத்தியலை எடுத்து அடிமரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். உள்ளே பொந்து விழுந்திருந்தால் மத்தளம் மாதிரி அதிரும். திடமாக இருந்தால் கல்லைத் தட்டியது போலச் சத்தம் வரும். இடம், பொருள், ஏவல் எதுவும் அவருக்குக் கிடையாது. சொந்தத் தங்கையின் கல்யாணத்தன்று மாதாகோயில் வாசலில் எல்லோரும் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு நிற்க, மணப்பெண்ணின் அண்ணன் மட்டும் பின்னாலிருந்த யூ மரத்தடியில் குந்தி உட்கார்ந்து, மரம் உளுத்ததைக் காட்டிக்கொடுக்கும் காளானைத் தேடிக்கொண்டிருந்தார். தங்கை அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள், மன்னிக்காமல்.

ஹார்ட்டிங்லோ என்ற அந்த இங்கிலாந்துச் சிற்றூரில் வீடு வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள், பின்பக்கம் ஓர் அறை இழுத்துக் கட்ட ஆசைப்படுகிறவர்கள், எல்லோரும் ஒரு நாள் மரப் பரிசோதகர் லயனலிடம் வந்துதான் ஆகவேண்டும். கட்டட அனுமதி கேட்டுப் போனால் கவுன்சிலில் முதல் கேள்வியே, “பக்கத்துல மரம் இருக்கே, அதைப் பார்த்தாச்சா?” என்பதுதான். லயனல் வந்து தட்டி, நாடா பிடித்து அளந்து, வேர் எதுவரை ஓடியிருக்கும் என்று தரையில் கோடு போட்டுவிட்டுப் போவார். அந்தக் கோட்டுக்குள் கடப்பாரை இறங்கக்கூடாது. ஊர்ப் பல் மருத்துவர் ஆசை ஆசையாகத் திட்டம் போட்ட கார் கொட்டகை, ஒரு லிண்டன் மரத்தின் வேரை உத்தேசித்து அப்படித்தான் கைவிடப்பட்டது. அடுத்த வாரம் லயனலுக்குப் பல் வலி வந்தது. மருத்துவர் அன்றைக்கு மரத்துப்போகும் ஊசியில் கொஞ்சம் சிக்கனம் பிடித்தார் என்று ஊரில் பேச்சு.

அந்தத் தொழிலுக்கென்று ஒரு பேச்சு உண்டு. மரம் விழக்கூடும் என்று தாராளமாகச் சொல்லலாம். விழாது என்று மட்டும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நாளைக்கே புயல் வந்து ஒரு கிளை எவர் கார் மேலாவது முறிந்து விழுந்தால் வக்கீல் வந்து கழுத்தைப் பிடிப்பாரே! அதனால் எவ்வளவு கம்பீரமான மரமாக இருந்தாலும், ‘இன்றைய தேதியில், தரையில் நின்று கண்ணால் பார்த்த அளவில், குறிப்பிடும்படியான கோளாறு எதுவும் தென்படவில்லை’ என்பதுதான் அவர்கள் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்ச ஆசீர்வாதம். முப்பது வருஷம் இப்படிப் பேசிப் பேசி, லயனலுக்கு வேறு மாதிரிப் பேசவே வராமல் போய்விட்டது. சூப் எப்படி இருக்கிறது என்று கேட்டால், “இதுவரைக்கும் குடிச்சதை வெச்சுப் பார்த்தா மோசமில்லை” என்பார்.

இந்தப் பேச்சுதான் அவரை ஐம்பத்தொன்பது வயதுவரை பிரம்மச்சாரியாக வைத்திருந்தது. இளமையில் நூலகத்தில் வேலை பார்த்த ஷீனா என்ற பெண்ணோடு பழக்கம் இருந்தது. ஒரு மாலை ஆற்றுப் பாலத்தில் நின்று, நிலா வேறு வந்திருக்க, அவள் கேட்டாள்: “உண்மையச் சொல்லு லயனல். உனக்கு என்னைப் பிடிச்சிருக்கா?”

லயனல் யோசித்தார். நேர்மையானவர் அல்லவா! “இப்போதைய நிலவரப்படி, பிடிச்சிருக்குன்னுதான் தோணுது.”

ஷீனா அந்தக் கோடையிலேயே ஒரு டிராக்டர் வியாபாரியைக் கல்யாணம் செய்துகொண்டாள். டிராக்டர் விற்கிறவர்கள் உத்தரவாதம் கொடுத்துத்தான் விற்பார்கள்.

அதன் பிறகு லயனல் மரங்களோடு நிறுத்திக்கொண்டார். ரோஸ்லின் ஆல்சப் வீட்டு வாசல் மணியை அழுத்தும் வரை.

ரோஸ்லின் ஆரம்பப் பள்ளிக்கூடத்துச் சமையலறையை நடத்துகிறவர். ஒரு கூடம் நிறையப் பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையில் நிறுத்தக்கூடியவர். அப்போது கணவர் கீத் இறந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. வீட்டு முன்னால், படுக்கையறை ஜன்னலை ஒட்டி ஒரு பெரிய வால்நட் மரம். வீட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி, மரம் இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதே, ஓர் ஆளை விட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருந்தது. ஆள் வந்தார்.

“உள்ள வாங்க வாத்தே,” என்றார் ரோஸ்லின். அந்தப் பக்கத்தில் பிரியமாகப் பேசினால் எவரும் எவருக்கும் வாத்துதான். போலீஸ்காரரும் பாதிரியாரும்கூடத் தப்ப முடியாது. “மரம் எங்கயும் ஓடிப்போயிடாது. முதல்ல டீ குடிங்க.”

டீயோடு ஒரு கேக் வந்தது. அந்த மரத்து வால்நட்டையே போட்டு, மேலே காப்பி வாசனையில் வெண்ணெய்க் கிரீம் பூசின கேக். எதிரே ரோஸ்லின். வால்நட் தோல் உரித்த கறை இன்னும் போகாத விரல்கள். காதோரத்தில் மாவு. லயனல் முதல் விள்ளலை வாயில் போட்டார். தலைக்குள் எங்கோ ஒரு கிளை சடசடவென்று முறிந்தது.

பிறகு மரத்தைப் பார்த்தார். தட்டினார், கல். அடியில் காளான் இல்லை. பட்டையில் விரிசல் இல்லை. தொழிலில் இத்தனை வருஷத்தில் இப்படிப்பட்ட மரங்களை அவர் விரல் விட்டு எண்ணிவிடுவார். இனி நாலைந்து வருஷம் கழித்துப் பார்த்தால் போதும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். நாலைந்து வருஷம்! அவ்வளவு காலம் அந்தக் கேக் இல்லாமல், அந்தக் காதோரத்து மாவு இல்லாமல்!

“தற்சமயத்துக்கு... ஒண்ணும் சொல்றதுக்கில்லை,” என்றார். “எதுக்கும் அடுத்த வருஷம் வந்து ஒரு தடவை பார்த்துடறேனே.”

ரோஸ்லின் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. உச்சாணிக் கிளையில் நகத்தளவு காளானைக்கூடக் கீழே நின்றே கண்டுபிடித்துவிடும் லயனலுக்கு, இரண்டடி தூரத்தில் இருந்த அது தெரியவில்லை.

அடுத்த வருஷம் மே மாதக் கடைசியில் வந்தார். அதற்கடுத்த வருஷமும் வந்தார். ஒவ்வொரு தடவையும் அதே தட்டல், அதே கேக், அதே “தற்சமயத்துக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்.” கூலி என்று எதுவும் வாங்கமாட்டார். அந்தப் பக்கமாக வந்தேன் என்பார். அந்தப் பக்கத்தில் அவருக்கு வேறு வேலையே கிடையாது என்பது ரோஸ்லினைத் தவிர ஊருக்கே தெரியும்.

எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர் மால்கம் பிரிண்ட்லி. ரோஸ்லின் வீட்டு வேலியை ஒட்டி மதுக்கடை நடத்துகிறவர். புதிதாக ஒரு கண்ணாடிச் சாப்பாட்டு அறை கட்டி, அதிலிருந்து பார்த்தால் ரோஸ்லின் தோட்டம் முழுவதும் தெரியும்படி வைத்திருந்தார். லயனல் கவுன்சிலுக்குச் சொன்ன சொல்லால் அந்த அறை ஒரு சிக்கமோர் மரத்துக்கு மரியாதை கொடுத்து நான்கடி தள்ளிப் போயிருந்தது. அந்த நான்கடியை மால்கம் மறக்கவில்லை.

“என்னப்பா, கழுத்துல டை எல்லாம் பலமா இருக்கு?” என்பார். “மரம் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கா?”

“வருஷாந்திரப் பரிசோதனை.”

“என் சிக்கமோரை ரோட்டுல நின்னு ஒரு பார்வை பார்த்துட்டு, அஞ்சு வருஷம் கழிச்சு வரேன்னு போயிட்டே. ரோஸ்லின் மரத்துக்கு மட்டும் சாயங்காலம் வரைக்குமா?”

“அது கொஞ்சம் சிக்கலான மரம் மால்கம்.”

“மரமா சிக்கல்? போய்யா! முடி வெட்டிக்கிட்டு வந்து மரத்தைப் பார்க்கிற முதல் ஆளு நீதான். அடுத்த வருஷம் பூங்கொத்து வாங்கிட்டுப் போ. மரத்துக்குத்தான்!”

கண்ணாடி அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். லயனல் டையைச் சரி செய்துகொண்டு போவார். உள்ளுக்குள் அவருக்கு அது பிடித்தும் இருந்தது.

இப்படியே போயிருக்கும். ஆனால் இந்த மே மாதம் குளிர் விலகவே இல்லை. வால்நட் எப்போதுமே சோம்பேறி மரம். ஊரில் எல்லா மரமும் துளிர்த்துப் பச்சையாகி நிற்கும்போது அது மட்டும் மொட்டையாக நின்று, கடைசியில்தான் கண் விழிக்கும். இந்த வருஷம் இன்னும் தாமதம். தெருவே பச்சைக் குடை பிடித்து நிற்க, ரோஸ்லின் ஜன்னலோரம் மட்டும் எலும்புக்கூடு ஒன்று நின்றது. லயனல் முடி வெட்டிக்கொள்ளக் கிளம்பிக்கொண்டிருந்த காலையில் டெலிபோன் அடித்தது.

கவுன்சிலில் மரங்களைக் கவனிக்கும் அதிகாரி பிரையனி. லயனலின் பாதி வயது, அவருடைய இரு மடங்கு வாய்.

“லயனல், உக்காந்திருக்கீங்களா?”

“நின்னுக்கிட்டிருக்கேன்.”

“உக்காருங்க. ரோஸ்லின் ஆல்சப் வால்நட்டை வெட்ட அனுமதி கேட்டிருக்காங்க.”

லயனல் உட்கார்ந்தார். நாற்காலி இல்லாத இடத்தில்.

அந்த மரம் கவுன்சிலின் பாதுகாப்பில் இருப்பது. சொந்தக்காரரே ஆனாலும் கேட்காமல் ஒரு கிளையைத் தொட முடியாது. “ஏன் வெட்டணும்?” என்று தரையிலிருந்தே கேட்டார்.

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘லயனல் வருஷா வருஷம் வர்றார். வந்து தட்டறார். ஒண்ணும் சொல்றதுக்கில்லைங்கறார். ஒண்ணும் இல்லைன்னா ஒரு டாக்டர் இத்தனை தடவை வருவாரா?’ங்கறாங்க. கீத்துக்கும் இப்படித்தானாம். ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம், ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்களாம். ஒரு தடவை ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கிறதுக்கு கீத் இல்லை.”

லயனல் டெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“அனுமதி கிடைக்கலைன்னா வீட்டை வித்துட்டு விட்பி ஊர்ல அக்கா வீட்டோட போயிடுவாங்களாம். முடிவு பண்ணிட்டாங்க. சரி, நீங்க அந்த மரத்துல என்னதான் பார்த்தீங்க? நேத்து நான் போய் முழுசாப் பார்த்தேன். என்னைவிட ஆரோக்கியமா நிக்குது.”

லயனல் தரையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“லயனல்?... ஐயையோ. மால்கம் கடையில பேசிக்கிறது நிஜமா?”

“கண்ணால பார்த்த அளவுல...” என்று ஆரம்பித்தார் லயனல்.

“போதும்! வியாழக்கிழமை காலைல நான் அங்க வர்றேன். நீங்களும் வர்றீங்க. மரத்துக்கு என்னன்னு நீங்கதான் அவங்ககிட்டச் சொல்றீங்க. ‘பார்க்க வந்தவர் காதலில் விழுந்த காரணத்தால்’னு என்னால கோப்புல எழுத முடியாது.”

அந்த இரண்டு நாளும் லயனல் பட்ட பாடு எந்த எதிரிக்கும் வரக்கூடாது. உண்மையைச் சொன்னால் அவர் முகத்தில் ரோஸ்லின் இனி விழிக்கமாட்டார். சொல்லாவிட்டால் மரம் போகும். மரம் தப்பினால் ரோஸ்லின் போவார். முகச் சவரக் கண்ணாடியின் முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். ‘மரத்துக்கு ஒன்றும் இல்லை’ என்ற மூன்று வார்த்தையை அவர் வாய் ஒரு தடவைகூட முழுசாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் ‘தற்சமயத்துக்கு’ முந்திக்கொண்டு வந்து நின்றது.

வியாழக்கிழமை மரத்தடியில் நான்கு பேர் இருந்தார்கள். ரோஸ்லின், பிரையனி, லயனல், வேலிக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மால்கம். மழை தூறிக்கொண்டிருந்தது என்பதைச் சொல்லவேண்டும்.

“இன்றைய தேதியில,” என்றார் லயனல், “தரையில நின்னு பார்த்த அளவுல, மரத்தோட பொதுவான நிலைமை...”

“வாத்தே,” ரோஸ்லின் அவர் கையைத் தொட்டார். “கீத்தோட டாக்டரும் இப்படித்தான் பேசினார். எனக்கு இதெல்லாம் புரியாது. எதுவா இருந்தாலும் தாங்கிக்குவேன். இது விழுமா விழாதா? ஒரே வார்த்தை.”

அந்தக் கை அவரை என்ன செய்ததோ! முப்பது வருஷத் தொழில் கட்டிவைத்த அணை ஒன்று உடைந்தது.

“விழாது!” என்றார். கத்தினார் என்றே சொல்லவேண்டும். “அதுக்கு ஒண்ணுமே இல்லை. எப்பவுமே இருந்ததில்லை.”

பிரையனியின் வாய் பிளந்தது. அவர்கள் தொழிலில் ஒரு மனிதர் அந்த வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

“அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் வந்தீங்க?” என்றார் ரோஸ்லின்.

லயனல் மரத்தைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். “கேக்,” என்றார்.

“கேக்காம்!” என்றது வேலி.

“கேக் மட்டும் இல்லை,” என்றார் லயனல், காது சிவக்க.

ரோஸ்லின் அவரைத் தொட்டிருந்த கையை எடுத்துக்கொண்டார். பிரையனி மெல்லச் சிரிக்க ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

“நான் எங்க தூங்கறேன் தெரியுமா உங்களுக்கு?” என்றார் ரோஸ்லின். குரல் தாழ்ந்திருந்தது. அதட்டலைவிட அது பயங்கரமாக இருந்தது. “காத்தடிச்சா சமையலறையில. தரையில. கோட்டைப் போட்டுக்கிட்டு, ஷூவைக் கழட்டாம. ஒவ்வொரு குளிர்காலமும். நீங்க இங்க கேக் சாப்பிட வந்தீங்க. நான் ஒவ்வொரு மே மாசமும் இந்த வாயிலேர்ந்து சாவுச் சேதி வரப்போகுதுன்னு எதிர்ல உக்காந்திருந்தேன். அதுக்குக் கேக் வேற செஞ்சு வெச்சுக்கிட்டு!”

“ரோஸ்லின், நான்...”

“போயிட்டு வாங்க, மிஸ்டர் தோர்ப்.”

மிஸ்டர் தோர்ப்! வாத்து போய்விட்டது. ஆறேழு வருஷத்தில் முதல் தடவையாக, டீ குடிக்கிறீர்களா என்றுகூட அந்த வீட்டில் அவரை யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் செருப்பால் அடித்தால்கூட அவ்வளவு வலிக்காது.

ரோஸ்லின் பிரையனியிடம் திரும்பினார். “வேற ஆள் அனுப்பு கண்ணு. என் கையால இதுவரைக்கும் எதுவும் சாப்பிடாத ஆளா.”

ஷெஃபீல்டிலிருந்து டங்கன் ஹேக் என்று ஒருவர் வந்தார். மரத்தைச் சுற்றிக் கம்பிகள் மாட்டி, உள்ளே ஒலியைச் செலுத்திப் படம் பிடிக்கும் இயந்திரமெல்லாம் கொண்டுவந்தார். கேக் வேண்டாம், சர்க்கரை வியாதி என்றார். அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது. கடைசியில் இயந்திரத்தை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: “இன்றைய தேதியில, குறிப்பிடும்படியா கோளாறு எதுவும் தென்படலை மேடம்.”

“அப்ப விழாதா?”

“அப்படி யாராலயும் சொல்ல முடியாது மேடம்.”

“அடுத்து எப்பப் பார்க்கணும்?”

“மூணு வருஷம் கழிச்சு ஒரு தடவை பார்த்துட்டா நல்லது.”

மூன்று வருஷமோ, ஆறு மாசமோ, ரோஸ்லினுக்கு எல்லாம் ஒரே ஆஸ்பத்திரி வாசனைதான் அடித்தது. இதையெல்லாம் மால்கம்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தன் கடை முற்றத்தில் லயனலிடம் சொன்னார். ஜூன் மாதத்தில் வரக்கூடாத ஒரு காற்று அன்று மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது; வானொலி காலையிலிருந்தே எச்சரித்தது. கடையின் பெயர்ப் பலகை கீச் கீச்சென்று ஆடியது. வால்நட் இப்போதுதான் தாமிர நிறத்தில் இலை விட்டு, ஆள் பருமன் கிளைகளையெல்லாம் சிலுப்பிக்கொண்டிருந்தது.

“வெட்ட அனுமதி கிடைக்கலை. பெட்டி கட்டியாச்சு,” என்றார் மால்கம். முதல் தடவையாக அவர் குரலில் கிண்டல் இல்லை. “சாவி எங்கிட்ட இருக்கு. மூணு மணி பஸ். இனிமே வீட்டை விக்கத்தான் வருவாளாம். இந்தக் காத்துல இன்னொரு சாயங்காலம் முடியாதுங்கறா.”

“நான் சொன்னேனே, விழாதுன்னு.”

“நீ சொன்னே. ஆனா உன் வார்த்தையை இப்ப யாருய்யா நம்புவா? பொய் சொல்லிக் கேக் சாப்பிட்டவன் நீ.”

லயனல் கோப்பையை வைத்தார். எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த அலுமினிய நாற்காலியைத் தூக்கிக்கொண்டார்.

“யோவ், அது கடை நாற்காலி!”

லயனல் வேலிக் கதவைத் திறந்துகொண்டு ரோஸ்லின் தோட்டத்துக்குள் போனார். மரத்தின் நேர் அடியில், மிகப் பெரிய கிளைக்குக் கீழே, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

காற்றடித்தால் மரத்தடியில் நிற்காதே என்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வருஷந்தோறும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர் அவர். அந்தப் பாடத்தை ரோஸ்லினே சமையலறை வாசலில் நின்று கேட்டிருக்கிறார். கண்ணாடி அறையில் இருந்த அத்தனை பேரும் கோப்பையோடு எழுந்து நின்றார்கள். காற்று அவர் தொப்பியை வாங்கிக்கொண்டு போயிற்று. டை தோளுக்குப் பின்னால் கொடி மாதிரிப் பறந்தது. தலைக்கு மேலே டன் கணக்கில் மரம் முனகியது.

வாசல் கதவு திறந்தது. ரோஸ்லின். கோட்டோடு, ஷூவோடு, கையில் பெட்டியோடு.

“பைத்தியம் பிடிச்சிருக்கா உங்களுக்கு? எழுந்திருங்க!”

“மாட்டேன்!”

“செத்துத் தொலைவீங்க!”

“மாட்டேன்! விழாதுன்னு சொன்னேன்ல!”

அந்தக் கணம் பார்த்து மேலிருந்து ஒன்று முறிந்து நேராக லயனல் தலையில் விழுந்தது. கண்ணாடி அறை முழுவதும் ‘ஹா’ என்று மூச்சை இழுத்தது. ரோஸ்லின் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஒரு சுண்டுவிரல் பருமன் குச்சி.

“இது கிளை இல்லை,” என்றார் லயனல் தலையைத் தடவிக்கொண்டே. “அணில் கடிச்ச குச்சி. குறிப்பிடும்படியானது இல்லை.”

“இன்றைய தேதியிலயா?” என்றார் ரோஸ்லின். அழுகிறாரா திட்டுகிறாரா என்று தெரியவில்லை. “தரையில நின்னு பார்த்த அளவுலயா?”

“இல்லை.” லயனல் அவரை நிமிர்ந்து பார்த்தார். “இன்னிக்கும் விழாது. நாளைக்கும் விழாது. நான் உங்களைப் பயமுறுத்தின பாவி. அதை நீங்க மன்னிக்க வேண்டாம். ஆனா மரத்து மேல அதைக் காட்டாதீங்க. நாம ரெண்டு பேரும் கிழமாகி, போய்ச் சேர்ந்த அப்புறமும் இது இங்க நிக்கும்.”

“நாமளா?”

லயனலுக்கு வழக்கமாக வரும் வார்த்தைகள் எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து வரிசையில் நின்றன. ஒவ்வொன்றையும் விழுங்கினார்.

“ஆமா. நாம.”

தெருவில் மூன்று மணி பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் ஜன்னலை இறக்கி, மரத்தடியில் நடக்கும் கூத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, ஹார்ன் அடித்தார். “என்ன வாத்தே, வர்றீங்களா இல்லையா?”

ரோஸ்லின் அண்ணாந்து பார்த்தார். அத்தனை காற்றிலும் கிளைகள் வளைந்து, வளைந்த அளவுக்கு நிமிர்ந்துகொண்டிருந்தன. காற்றடிக்கும்போது அவர் அந்த மரத்தின் அடியில் நின்று மேலே பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

“நீங்க போங்க வாத்தே!” என்று பஸ்ஸைப் பார்த்துக் கத்தினார். “இங்க ஒரு ஆளுக்குத் தலையில அடிபட்டிருக்கு!”

பஸ் போயிற்று. ரோஸ்லின் லயனலின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தார். அதில் மன்னிப்பு பாதிதான் இருந்தது. மீதிப் பாதி வர இன்னும் பல மாதம் ஆயிற்று, அதுவரை டீ வந்தது, கேக் வரவில்லை. ஆனாலும் அந்த இழுப்புக்கு லயனல் துள்ளி எழுந்தார்.

அவர் எழுந்ததுதான் தாமதம். பாரம் இறங்கிய நாற்காலியைக் காற்று ஆவலோடு தூக்கியது. அது ஒரு தடவை புரண்டு, இரண்டாம் தடவை எகிறி, வேலியைத் தாண்டி, மால்கமின் புதுக் கண்ணாடி அறைக்குள் நேராக நுழைந்தது. அந்தப் புயலில் ஹார்ட்டிங்லோ முழுவதிலும் நடந்த ஒரே சேதம் அதுதான்.

உடைந்த சட்டத்தின் நடுவே மால்கமின் தலை எட்டிப் பார்த்தது.

“விழாது விழாதுன்னு ஊருக்கே கேக்கற மாதிரிக் கத்தினியே லயனல்! நாற்காலியைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னியாய்யா?”

“நாற்காலியை நான் பரிசோதிக்கலை மால்கம்,” என்றார் லயனல். ரோஸ்லின் சிரித்துக்கொண்டே அவரைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.